சுவரைப் பார்த்துத் திருப்பிய பிளக்ஸ்

குளச்சலில் ஐஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திங்கள்நகர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு போர்வை, சோப்பு டப்பா. பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் கோபத்தில் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினால் எனக்கு உட்கார்ந்து போக முடியாது. கொஞ்ச தூரம் நடந்தால்தான் சூடு அடங்கும்.

ஐஸ் கம்பெனியில் பெரிய கொடுமை எதுவும் நடக்கவில்லை. ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்து அரைக்கிற மிஷினில் தள்ளுவது வேலை. உப்பும் குளிரும் சேர்ந்து விரலிடுக்கெல்லாம் புண்ணாகிவிட்டது. கையுறை கேட்டேன். மேஸ்திரி எல்லோரும் கேட்கும்படி, "உறை போட்டு ஐஸ் பிடிக்க நீ என்னலே, ஆபரேசனா செய்யுத?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் இதே மாதிரிதான். அங்கே சிரிப்புக்குக் காரணம் வேறு.

ரோடு லேசாக மேடேறும் இடத்தில் ஒரு ஜங்ஷன் வந்தது. ஒரு பக்கம் கிறிஸ்தவ சபைக் கோயிலின் நீண்ட மதில். எதிரே ஒரு சாயாக்கடை. பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்க ஒரு நிழற்குடை. நல்ல வெயில். கடை முன்னால் பத்துப் பதினைந்து ஆண்கள் கூடி நின்றார்கள். ஒருவர் கையிலும் கிளாஸ் இல்லை. கடைக்கு வெளியே நிழலில் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. இத்தனை பேர் நிற்க, பெஞ்சு ஏன் காலியாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, அதுல இருக்காதீங்க" என்று சாயாக்கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "இப்பம்தான் ஒருத்தரு அதுல இருந்தபடியே இறந்துட்டாரு."

எழுந்தேன். பெஞ்சின் ஓரத்தில் ஒரு கிளாஸ் இருந்தது. பாதிச் சாயா, மேலே ஆடை படிந்திருந்தது. பெஞ்சுக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து, பச்சை நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடக்கி மேலே வைத்து உட்காருகிற ஆள் போலிருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் செருப்பு இங்கேயே நின்றுவிட்டது.

கடைக்காரர் எனக்கு நின்றபடியே குடிக்க ஒரு சாயா தந்தார். அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. நின்றவர்களிடம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். செத்தவர் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலைக்காரர். பக்கத்தில்தான் வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி திங்கள்நகருக்கு அந்தப் பக்கம் அண்டி ஆபீசில் வேலை செய்கிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வேலை இல்லாத நாட்களில் இவர் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, சாயங்கால பஸ்ஸில் மனைவி இறங்கியதும் அவளோடு சேர்ந்து வீட்டுக்குப் போவார். இன்றைக்கு வேலை இல்லை, சீக்கிரமே வந்துவிட்டார்.

"சாயா கேட்டாரு, குடுத்தேன். மீனு வெல கூடிட்டுன்னு சொன்னாரு. திரும்பிப் பாக்கேன், தூண்ல சாஞ்சு இருக்காரு. ஒறங்குதாருன்னு நெனச்சேன் அண்ணே."

ஆட்டோவில் போட்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மனைவியின் தம்பி கூடவே போயிருக்கிறான்.

"வீட்டம்மாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் நின்றவர்களைப் பார்த்தார். நின்றவர்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவரைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவர்தான் சபையின் செயலாளர்.

"ஐயரு வந்து சொல்லுவாரு" என்றார் செயலாளர். சபைப் போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். "மார்த்தாண்டத்துல ஒரு கல்யாணம். பெய்ட்டு வாறாரு. அதான் முறை. சாவுச் செய்தியக் கண்டவன் சொல்லப்பிடாது. ஐயரு வருவாரு, பைய ஜெபம் பண்ணி, பக்குவமா சொல்லுவாரு."

முறை நல்ல முறைதான். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வந்துசேர வேண்டுமே.

"போன்லயாவது, உடம்பு சரியில்லைன்னு சொல்லி வரச் சொல்லலாமே?"

"அண்டி ஆபீசுக்குள்ள போன் விடமாட்டான். கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவான்."

"ஆபீசுக்கே போன் பண்ணினா?"

"அவ தம்பி பண்ணியிருப்பான்" என்றார் செயலாளர். தம்பிக்கு ஒருவர் போன் போட்டார். சபையிலிருந்து சொல்லியிருப்பார்கள் என்று தான் நினைத்ததாகத் தம்பி சொன்னான். அவன் அங்கே போலீஸ் வந்து கையெழுத்து வாங்குவதற்குக் காத்திருந்தான். அவன் அழுவது போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. ஆலையின் நம்பர் அங்கே நின்ற யாரிடமும் இல்லை.

"ஆலை எங்க இருக்கு? நான் போய்க் கூட்டிட்டு வாறேன்" என்றேன்.

செயலாளர் என் பையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். "நீரு யாரு? எந்த ஊரு? ஊரு பேரு தெரியாத ஆளு போய் வான்னு கூப்பிட்டா ஒரு பொம்பள வருவாளாவோய்?"

அது நியாயமான கேள்விதான். அப்படியானால் ஊர் பேர் தெரிந்த நீங்கள் போங்கள் என்று வாய் வரை வந்தது. அவர் மோட்டார் சைக்கிள் அங்கேயேதான் நின்றது. ஆனால் அவர் போக மாட்டார். அவர் போய்விட்டால் ஐயர் வரும்போது யார் எதிரே நின்று அழைப்பது?

நான் கிளம்பிப் போயிருக்கலாம். எனக்கும் அந்தச் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எனக்குப் போகவேண்டிய இடம் என்றும் ஒன்று இல்லை. நிழற்குடையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தச் செருப்பு நேராகத் தெரிந்தது. மறுபடி எழுந்து வந்து கடைக்காரரிடம், "இந்தச் செருப்பையும் கிளாசையும் உள்ளே எடுத்து வையுங்களேன். அந்தம்மா இங்கேதானே இறங்கும்?" என்றேன்.

"ஐயோ அண்ணே, போலீசு வந்து எங்கன இருந்தாரு, என்ன குடிச்சாருன்னு கேட்டா? சாயால என்னத்தக் கலக்கினேன்னு கேட்டா? அங்கனயே கிடக்கட்டு. நான் தொடமாட்டேன்." அவர் பயம் அவருக்கு. அவரையும் என்ன சொல்ல.

சாவு நடந்த இடத்தில் நேரம் போவது ஒரு தினுசு. எல்லோரும் அவசரமாக நிற்பார்கள், ஒன்றும் நடக்காது. செயலாளருக்கு அடிக்கடி போன் வந்தது. "ஐயரு பந்தியில இருக்காரு" என்றார். பிறகு, "கெளம்பியாச்சு" என்றார். பிறகு ஒரு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "கருங்கல்லு ஜங்ஷன் வந்தாச்சு" என்றார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் தலையை ஆட்டியது.

அப்போதுதான் ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் இளைஞர்கள் நான்கைந்து பேர், ஒரு ஏணி, மரச்சட்டத்தில் அறைந்த ஒரு பெரிய பிளக்ஸ். ஊரின் விளையாட்டு மன்றத்துப் பையன்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். சட்டத்தை இறக்கி கரண்ட் கம்பத்தில் சாய்த்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் செத்தவரின் முகம், ஆள் உயரத்துக்கு. கல்யாண வீட்டில் எடுத்த படம் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தார். கூட நின்றவர்களை வெட்டியிருந்தார்கள், ஆனால் அவர் தோளில் கிடந்த ஒரு பெண்ணின் கையை வெட்ட மறந்துவிட்டார்கள். நான்கு விரல், ஒரு மோதிரம். அடியில் மன்றத்துக்காரர்களின் சின்னச் சின்னப் படங்கள், வரிசையாக. பாதிப் பேர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள்.

ஆள் செத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மாவட்டத்தில் நான் எத்தனையோ ஜங்ஷன்களில் இதைப் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டில் பந்தல் போடுவதற்கு முன்னால் ஜங்ஷனில் பிளக்ஸ் வந்துவிடும். ஆனால் வீட்டுக்காரிக்கு முன்னால் வந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

"தம்பி, அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்றேன் ஏணி பிடித்தவனிடம்.

"எந்தம்மாவுக்கு?"

"இவர் வீட்டம்மாவுக்கு. பஸ்ஸில் வந்து இங்கேதான் இறங்கும்."

அவன் கையை எடுத்தான். "லேய் மக்கா, அக்காவுக்குச் சொல்லலியாம்லே!"

மேலே ஏறியிருந்தவன், "போலே, துபாய்ல இருக்க நம்ம மன்றத்துப் பயலுக்கே தெரிஞ்சுட்டு. அவன்தான் படம் அனுப்புனான். அக்காவுக்குத் தெரியாம இருக்குமா?" என்றான்.

"துபாய்க்காரன் வாட்சாப்புல பாத்தான். அக்கா அண்டி உடைச்சிட்டுல்லா இருக்கு."

"அப்பம் என்ன செய்ய? ஆட்டோ ஸ்டாண்டுக்காரனுவ வேற பிளக்ஸ் அடிச்சிட்டிருக்கானுவ. அவனுவ முன்ன வச்சா கம்பம் போச்சு. பொறவு நாம செத்தவருக்குக் கோயில் பின்னாலதான் வைக்கணும்."

"செத்தவரு பின்னாலயும் பாப்பாரு, நீ எறங்குலே."

"நீ எறங்கு. நான் கம்பி முறுக்கியாச்சு."

அவர்கள் கெட்ட பையன்கள் இல்லை. ஏணிக்காரன் கண் கலங்கியிருந்தது. செத்தவர் மன்றத்துக்கு ஷெட் போட்டுக் கொடுத்தவராம், இவர்களோடு கேரம் ஆடுவாராம். அந்தப் பாசத்தில்தான் ஓடிப் போய் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் அவர்கள் பாசத்தின் மேலேதான் எரிச்சல் வந்தது.

என் அப்பா செத்தது எனக்கு ஒரு கண்டக்டர் சொல்லித் தெரியும். அப்போது நான் புனலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் இருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். "பதினாறுக்குக்கூட உன்னக் காணலியே" என்றார். யாருக்குப் பதினாறு என்று கேட்டேன். அவர் டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் என் கையில் வைத்துவிட்டு முன்னால் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். இப்படித்தான் ஆளாளுக்கு நினைத்துக்கொள்கிறார்கள்.

செயலாளர் வந்து பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார். சபையின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு, "ஐயரு சொல்லதுக்கு முன்ன இது வெளிய தெரியப்பிடாது மக்கா. திருப்பி வைங்க" என்றார்.

திருப்பி வைப்பது என்று முடிவானது. மேலே இருந்தவன் முறுக்கிய கம்பியை அவிழ்க்கத் தெரியாமல் திணறினான். நான் ஏறி அவிழ்த்தேன். கம்பி கட்டுவது எனக்குப் பழக்கம், எத்தனையோ சாரம் கட்டியிருக்கிறேன். பிளக்ஸைத் திருப்பி, முகம் கோயில் மதிலைப் பார்க்கும்படி வைத்து நான்கு மூலையிலும் கட்டினேன். ரோட்டுக்கு வெள்ளை முதுகு மட்டும் தெரிந்தது.

"செத்தும் மனுசனுக்குச் சுவத்தப் பாத்து நிக்க வேண்டியிருக்கு" என்றான் ஒருவன். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதன் பிறகு கூட்டத்துக்கு ஒரு நிம்மதி வந்துவிட்டது. எதையோ செய்து முடித்துவிட்ட மாதிரி. செயலாளர் என்னிடமே வந்து, "ஒரு நேரத்துல ஆளுக்கு நிதானம் வேணும், கேட்டீரா" என்றார். "ஐயரு திங்கள்நகர் வந்தாச்சு."

செருப்பு அங்கேயே கிடந்தது. நான் மறுபடியும் கடைக்காரரிடம் சொன்னேன். "அண்ணே, உமக்கு வேற சோலி இல்லியா?" என்றார்.

ஐயருக்கு முன்னால் பஸ் வந்தது.

மூன்று பெண்கள் இறங்கினார்கள். யார் என்று யாரும் எனக்குக் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி இறங்கியதும் நேராக அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். கையில் சோற்றுத் தூக்குவாளி. முந்திரி ஓட்டின் எண்ணெய் ஏறி விரல்கள் கறுத்திருந்தன. கூட்டத்தைப் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பத்தில் இருந்த வெள்ளை முதுகை அவள் பார்க்கவே இல்லை. நேரே கடைக்கு வந்தாள். கூட்டம் வழி விட்டது.

குனிந்து பெஞ்சுக்குக் கீழே பார்த்தாள். "எங்க இந்த மனுசன்? செருப்பக் கழத்திப் போட்டுட்டு எங்க பெய்ட்டாரு?" என்று கடைக்காரரிடம் கேட்டாள். "நேத்தைக்குத்தான் தச்சுக் குடுத்தேன். வெறுங்கால்ல நடக்கப்பிடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியாச்சு. சர்க்கரை உள்ள ஆளு."

கடைக்காரர் திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் செருப்பைக் கையில் எடுத்தாள். செயலாளரைப் பார்த்தாள். "செயலாளரே, பாத்தீங்களா?" செயலாளர் போனைக் காதில் வைத்தார். போன் அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மன்றத்துப் பையன்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் முகம் மாறத் தொடங்கியது. கூட வந்த இரண்டு பெண்களும் அவளை ஒட்டி வந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களை விட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, இதுல இருந்த ஆளப் பாத்தீங்களா?"

நான் சொன்னேன். "இறந்துட்டாரும்மா. இங்கே உட்கார்ந்து சாயா குடிக்கும்போதே. நெய்யூர்ல வச்சிருக்காங்க. உங்க தம்பி கூடவே இருக்கார்."

அதற்கு மேல் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஜெபமும் தெரியாது.

அவள் உடனே அழவில்லை. பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தாள். "சாயா குடிச்சாரா?" என்று கேட்டாள்.

"பாதி குடிச்சிருக்கார்."

அந்தக் கிளாஸையே பார்த்தாள். பிறகுதான் சரிந்தாள். இரண்டு பெண்களும் தாங்கிக்கொண்டார்கள். தூக்கு விழுந்து மூடி தனியே உருண்டது. அவள் போட்ட சத்தத்தில்தான் கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருவர் ஆட்டோ கொண்டுவந்தார், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், செயலாளர் எல்லோரையும் விலகச் சொன்னார். மத்தியானம் முழுக்க இல்லாத சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆட்டோவில் ஏறும்போதும் செருப்பை அவள் விடவில்லை.

ஆட்டோ போனதும் செயலாளர் என்னிடம் வந்தார். "உமக்கு என்னவோய் அதிகாரம்? வந்த வரத்தன் நீரு. ஐயரு வாறதுக்குள்ள என்ன அவசரம்?"

"அவங்க கேட்டாங்க. நீங்க யாரும் சொல்லலை."

"ஐயரு சொல்ல வேண்டியதப் போய்..." அவருக்கு உண்மையிலேயே வருத்தம். முறை கெட்டுப்போனது அவருக்குப் பெரிய விஷயம். கூட்டத்திலும் சிலர் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். எனக்கு அவர்களோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. அதற்குள் ஐயரின் கார் வந்துவிட்டது. வியர்த்து வழிய இறங்கினார். செயலாளர் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"சொல்லியாச்சா?" என்றார் ஐயர். ஒரு நீண்ட மூச்சு விட்டார். "நல்லது. அப்பம் நான் நெய்யூருக்கே போறேன்." காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் வளைவு திரும்புவதற்குள் பையன்கள் ஏணியைச் சாய்த்துவிட்டார்கள். நான் கட்டிய கட்டை அவிழ்க்க அவர்களால் முடியவில்லை. லோடு வண்டிக்காரர் இறங்கி வந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிளக்ஸ் அடித்துக் கொடுக்கிற கடையே அவருடையதுதான். "இது யாருவோய் கட்டினது?" என்றார். பையன்கள் என்னைக் காட்டினார்கள்.

"நம்ம கடையில கட்டுத ஆளு கேரளாவுக்குப் பெய்ட்டான். நிக்கிறீரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அன்றிரவு அவர் கடைத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டியில் ஏணியோடு நானும் பின்னால் உட்கார்ந்தேன். முதலில் அதே ஜங்ஷன். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களின் பிளக்ஸ், நேற்றையதைவிடப் பெரியது. அதே சிரிப்பு, அதே கல்யாணப் படம், தோளில் அதே கை. எதிர்க் கம்பத்தில் கட்டினேன். சாயாக்கடைப் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது மணவாளக்குறிச்சி போகிற வழியில் ஒரு முக்கு. பிளக்ஸில் ஒரு வயதான அம்மா, காதில் கம்மல், பக்கத்தில் மாதா படம். விடியற்காலம் போனதாகப் பிளக்ஸ் கடைக்காரர் சொன்னார். நான் ஏணியில் ஏறினேன். ஒரு மூலையைக் கட்டினேன். பிறகு நின்றேன்.

"என்னவோய்?"

"இவங்க பிள்ளைகளுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாமயா ஆர்டர் வரும்? ஒரு மகதான் ஆர்டர் தந்தது."

"மற்ற பிள்ளைங்க?"

"ஒரு மகன் கடல்ல கெடக்கான், வள்ளத்துல. கரைக்கு வரும்போ தெரியும்."

"வள்ளம் எங்க வந்து அடையும்?"

அவர் ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்தார். கடற்கரைக்குப் போகிற வழி அதுதான். அங்கிருந்து ஊருக்குள் போகிறவன் இந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அந்த மகளுக்குப் போன் பண்ணிக் கேளுங்க, அவன் வந்துட்டானான்னு. அதுக்கு அப்புறம் கட்டுறேன்."

"மொத நாளே இப்படியாவோய்? இன்னும் எத்தன எடம் கெடக்கு!" என்று அவர் கத்தினார். என் அப்பனையும் என் ஊரையும் சேர்த்து இரண்டு வார்த்தை சொன்னார். இந்த வேலையும் இன்றோடு சரி என்று நினைத்தேன். பையைக்கூட வண்டியில்தான் வைத்திருந்தேன்.

பிறகு அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். வண்டியில் சாய்ந்துகொண்டு என்னை முறைத்தார். நான் கம்பியையும் பிளையரையும் மடியில் வைத்துக்கொண்டு ஏணியின் மேல்படியில் உட்கார்ந்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.